ஆயா கொடுத்த சாவிக்கொத்து

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வீடு வாங்கியிருக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். திருச்சியிலிருந்து வந்து நான்கு வருடம் வாடகை வீட்டில் இருந்தவர்கள். வீட்டை விற்றவர் எழுபது வயது தாண்டிய தமிழ் ஆயா. நாற்பது வருடம் அங்கே வாழ்ந்துவிட்டு, இப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் மகன் வீட்டுக்குப் போகிறார். பதினோரு சாவி கோத்த கொத்து ஒன்றைக் கையில் வைத்து, "எல்லாம் இதுல இருக்கும்மா" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். "அண்ணா, பூட்டையெல்லாம் மாற்றத்தான் வேண்டுமா? வீண் செலவு என்கிறார் என் கணவர். எனக்கோ, மாற்றினால் ஆயாவைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று மனசு கேட்கவில்லை. அப்படி மாற்றுவதென்றால் எதை மாற்றுவது, நாமே செய்யலாமா?" இதுதான் கேள்வி.

மாற்றுங்கள், தங்கச்சி. பால் காய்ச்சிய அன்றைக்கே, இருட்டுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

முதலில் ஆயாவைப் பற்றிய உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பலரும் பூட்டை மாற்றாமல் விடுவது பணத்தால் அல்ல, இந்தத் தயக்கத்தால்தான். உங்கள் கையில் இருக்கும் பதினோரு சாவியும் ஆயாவிடம் மிஞ்சியவை. அவர் கொடுத்துத் திரும்பி வராதவை எத்தனை என்று அவராலேயே சொல்ல முடியாது. நாற்பது வருடத்தை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வர ஒன்று. வீட்டு வேலைக்கு வந்த அக்காவுக்கு ஒன்று. பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தவர்கள் சமையலறை வழியாக வந்து போக ஒன்று. அப்படி எத்தனை குடித்தனம் மாறியிருக்கும்? கோயில் திருவிழாவுக்கு வெளியூர் போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டுக்கு ஒன்று. பெயின்ட் அடித்தவர், குழாய் பார்த்தவர், கடைசியாக வீட்டை நாலு பேருக்குத் திறந்து காட்டிய ஏஜென்ட். இவர்களில் ஒருவரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சாவி மட்டும் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில், பழைய கைப்பையில், விற்றுப்போன காரின் சந்தில் கிடக்கும். அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்பது ஆயாவின் பொறுப்பில் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு வளையல் காணாமல் போனால், கதவும் உடையாமல் இருந்தால், முதல் கேள்வி யாரிடம் போகும்? ஆயாவிடம், அவர் மகனிடம், அந்த வீட்டில் இருபது வருடம் உழைத்த வேலைக்கார அக்காவிடம். பாவம், அவர்கள் எதற்கு அந்தக் கேள்வியைச் சந்திக்க வேண்டும்? பூட்டை மாற்றினால் அவர்கள் எல்லோரையும் அந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறீர்கள். ஆயாவிடம் நேராகவே சொல்லுங்கள்: "ஆயா, பூட்டெல்லாம் மாத்திட்டோம், இனி உங்களை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க." சந்தோஷப்படுவார்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். நான் திண்டுக்கல்காரன். அப்பா பூட்டுப் பட்டறையில் லீவர் அராவிய கை. நானும் பத்து வயதில் அரம் பிடித்தவன். அப்படி இருந்தும் 2009-ல் இந்த ஊரில் ஓவர்போர்ட்டில் முதல் வாடகை வீடு எடுத்தபோது, வாசல் பூட்டைத் தொட்டுப் பார்த்து, "நல்ல பூட்டுதான்" என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பினால் வீடு பூட்டியபடியே இருக்கிறது, உள்ளே என் மனைவியின் இரண்டு வளையலும் மடிக்கணினியும் இல்லை. ஜன்னல் கம்பி அப்படியே இருந்தது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். பார்க்க வந்த அதிகாரி கதவையும் நிலையையும் தடவிப் பார்த்துவிட்டு, "உடைத்து நுழைந்த அடையாளம் எங்கே?" என்று கேட்டார். பாலிசியில் அந்த வரி இருந்தது, நான் படிக்கவில்லை. பணம் வரவில்லை. அந்த வளையல் என் மாமியார் போட்டது. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் அதற்கு எத்தனை சாவி வெளியே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த எண்ணிக்கை தெரியாத வரைக்கும் பித்தளையும் இரும்பும் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

ஆகவே உங்கள் கணவரிடம் இந்த இன்சூரன்ஸ் விஷயத்தைச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் வீட்டுப் பொருள் பாலிசிகள் பலவற்றில், வலுக்கட்டாயமாக நுழைந்ததற்குக் கண்ணால் பார்க்கும்படி அடையாளம் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பழைய சாவியால் திறந்து வருபவன் அடையாளம் எதையும் விட்டுவைக்க மாட்டான். உங்கள் பாலிசியில் அந்தப் பகுதியை இன்று இரவே எடுத்துப் படியுங்கள். ஜன்னல் கம்பி, கதவுக்கு வெளியே போடும் கம்பிக் கதவான செக்யூரிட்டி கேட், அலாரம் இவற்றில் எதெல்லாம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களோ அதெல்லாம் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பூட்டு வாங்கிய ரசீதையும், மாட்டிய பிறகு எடுத்த படத்தையும் பாலிசியோடு வையுங்கள். சாதாரண வாசல் பூட்டு சில நூறு ரேண்ட்தான். வீட்டுக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு கணக்கே இல்லை.

பூட்டில் கை வைக்கும் முன் ஒரு சட்ட விஷயம். இந்த நாட்டில் பணம் கொடுத்தாலும் சாவி வாங்கினாலும் வீடு உங்களுடையதாகி விடாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் உங்கள் பெயருக்குப் பதிவான அன்றுதான் உரிமை மாறும். நம் குவாசுலு-நட்டாலுக்கு அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. பதிவு முடியச் சில மாதம் ஆகலாம், அதற்கு முன்பே மாத வாடகை மாதிரி ஒரு தொகை பேசிக் குடியேறுவது இங்கே சகஜம். நீங்கள் அப்படிப் போயிருந்தால் ஆயாவிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். பதிவு முடிந்துவிட்டதென்றால் யாரையும் கேட்க வேண்டாம்.

சரி, பூட்டுக்கு வருவோம்.

கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சாவியும் எதைத் திறக்கிறது என்று போட்டுப் பார்த்து, ஒரு துண்டு ஒட்டு நாடாவில் எழுதி ஒட்டுங்கள். இதைச் செய்யும்போது ஒரு விஷயம் உங்களுக்கே தெரியவரும்: அறைக்கதவுச் சாவிகளில் ஒன்று இன்னோர் அறையையும் திறக்கக்கூடும். இதில் பயப்பட ஒன்றுமில்லை, காரணம் பூட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது.

இங்கே பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது கதவின் தடிமனுக்குள் குடைந்து பதித்த லீவர் பூட்டு. நீளத் தண்டும் நுனியில் கொடி மாதிரி ஒரு தகடும் உள்ள சாவி அதற்கு. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும், அவைதான் லீவர். சாவி திரும்பும்போது ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும், பூட்டிலிருந்து நீண்டு நிலைக்குள் போகும் நாக்கு நகராது. குறைவாகத் தூக்கினாலும் அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது என்ற இந்த யோசனை 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை வாங்கியது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுக்குள்ளும் லீவர்தான். ஆனால் எங்கள் பட்டறையில் ஒவ்வொரு பூட்டுக்கும் லீவரையும் சாவியையும் கையால் சேர்த்து அராவுவார்கள், அதனால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. அந்தக் கைவேலைக்குத்தான் 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலையில் செய்யும் பூட்டு அப்படியில்லை. 2 லீவர் பூட்டில் உயர வேறுபாடுகள் மிகச் சொற்பம், அதே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். ஆகையால் 2 லீவர் பூட்டு அறைக்கதவுக்கு மட்டும்தான். வெளிக்கதவுக்கு இங்கே கடைகளில் 3 லீவர் தருவார்கள். அது குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் வெளிக்கதவுக்கு 5 லீவர் கேட்கும் இன்சூரன்ஸ்காரர்கள் உண்டு. உங்கள் கதவு தடியாக, நல்ல மரமாக இருந்தால் 3 லீவர் பூட்டுக்கு மேலே தனியாக ஒரு சிலிண்டர் தாழ் (தட்டையான சிறிய சாவி போடும் வகை, பின்னால் சொல்கிறேன்) போட்டுக்கொள்வது என் விருப்பம். கூடவே வெளியே ஒரு செக்யூரிட்டி கேட் இருக்கிறதென்றால் அது போதும்.

கதவின் விளிம்பில் தெரியும் பித்தளைப் பட்டையில் சில பூட்டுகளில் எத்தனை லீவர் என்று பொறித்திருக்கும். இல்லாவிட்டால், சாவியின் தகட்டில் உள்ள படிகளைக் கடைக்காரரிடம் காட்டினாலே சொல்லிவிடுவார்.

நீங்களே மாற்றலாமா என்று கேட்டீர்கள். பழைய பூட்டின் அளவிலேயே புதியது வாங்கினால் தாராளமாக மாற்றலாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரைமணி நேரமும் போதும். ஒரே நிபந்தனை: பகலில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது செய்யுங்கள். கதவைத் திறந்து, அடியில் ஒரு கட்டையைச் செருகி அசையாமல் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடித் தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். கைப்பிடிகளை இழுத்தால் நடுவில் ஒரு சதுரக் கம்பி வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் கதவு விளிம்பில் மேலும் கீழும் உள்ள இரண்டு ஸ்க்ரூ. அதைக் கழற்றிவிட்டு, சதுர ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு மெல்ல நெம்பினால் பூட்டுப் பெட்டி முழுசாக வெளியே வரும். பல முறை பெயின்ட் அடித்த கதவென்றால் முதலில் விளிம்பைச் சுற்றிக் கத்தியால் ஒரு கோடு கீறிவிடுங்கள், இல்லையென்றால் பெயின்ட் பட்டை பட்டையாக உரிந்து வரும்.

அந்தப் பழைய பெட்டியை அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள். போகும்போது வீட்டில் ஆள் இருக்கட்டும். கடையில் நான்கு அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பெட்டியின் உயரம், ஆழம், விளிம்புப் பட்டையின் நீளம், கைப்பிடி ஓட்டைக்கும் சாவி ஓட்டைக்கும் இடையே உள்ள தூரம். இந்தக் கடைசி அளவு தப்பினால் பழைய கைப்பிடித் தகட்டின் ஓட்டை புதுப் பூட்டோடு சேராது. தகட்டையும் மாற்ற வேண்டி வரும். பெட்டி பெரிதாகிவிட்டால் உளி எடுத்துக் கதவைக் குடைய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

மாட்டியதும் எல்லோரும் அவசரத்தில் செய்யும் தவறு, உடனே கதவைச் சாத்திப் பூட்டிப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். கதவு திறந்திருக்கும்போதே சாவியைப் போட்டு நாக்கை நாலைந்து தடவை வெளியே தள்ளி உள்ளே இழுத்துப் பாருங்கள், உள்பக்கமிருந்தும் வெளிப்பக்கமிருந்தும். வந்த சாவி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சுகமாகத் திரும்பினால்தான் சாத்த வேண்டும். சாத்தியபின் இடித்தால், நாக்கின் நுனியில் சாக்பீஸ் தடவிவிட்டுப் பூட்டிப் பாருங்கள். நிலையில் உள்ள தகட்டில் வெள்ளை எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் தட்டுகிறது. தகட்டை அந்தப் பக்கம் ஒரு நூல் நகர்த்தினால் சரியாகிவிடும். டர்பன் ஈரத்தில் மரக்கதவு மழைக்காலத்தில் ஊதும், குளிர்காலத்தில் சுருங்கும். ஆகவே இறுக்கமாக வைக்காமல் கொஞ்சம் விட்டுவையுங்கள். தகட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ நீளமாக இருக்கட்டும். கதவை எட்டி உதைக்கிறவனுக்கு முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் இந்தத் தகடும் அதன் குட்டை ஸ்க்ரூவும்தான்.

புதிதாகச் சேர்த்த அலுமினியக் கதவு, செக்யூரிட்டி கேட் போன்றவற்றில் சிலிண்டர் இருக்கலாம். தட்டையான, பல் வெட்டிய சிறிய சாவி. உள்ளே சின்னச் சின்ன ஊசிகள் ஸ்பிரிங்கில் நிற்கும். 1860-களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் இளையவர் வடிவமைத்த முறை. இதில் பூட்டுப் பெட்டியைத் தொடவே வேண்டாம், சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவு விளிம்பில், சாவித் துவாரத்துக்கு நேரே ஒரு நீளமான ஸ்க்ரூ இருக்கும். அதை முழுவதும் கழற்றுங்கள். சாவியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருப்பினால், அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பலர் இந்தத் திருப்பம் தெரியாமல் சுத்தியல் எடுத்துவிடுகிறார்கள்.

அளவு எடுப்பது ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து இரு பக்கமும். 30-க்கு 30, 30-க்கு 40 மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். வெளிப்பக்கம் கைப்பிடித் தகட்டைவிட 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் குறடால் பிடித்து நடுவில் ஒடித்துவிடலாம், ஏனென்றால் அந்த ஸ்க்ரூ ஓட்டை இருக்கும் இடம்தான் சிலிண்டரின் மெலிந்த இடுப்பு. நல்ல சிலிண்டர் இருந்து, சாவி மட்டும் கவலை என்றால், பூட்டு வேலைக்காரர் உள்ளிருக்கும் ஊசிகளை மாற்றி அடுக்கி வேறு சாவிக்குப் பொருத்தித் தருவார். நாலைந்து சிலிண்டர் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே சாவிக்கு அமைக்கவும் முடியும். வீட்டுக்குள் வசதிதான். ஆனால் அந்த ஒரு சாவி தொலைந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதனால் தெருப்பக்க கேட்டின் சாவியை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வாசல் கதவோடு நின்றுவிடாதீர்கள். இங்கே பழைய வீடுகளில் ஆட்கள் அதிகம் புழங்குவது சமையலறைப் பின்கதவில்; பல கைக்குப் போன சாவி அதுதான். கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவில் பாதிப் பேர் அறைக்கதவுப் பூட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். அதையும் வெளிக்கதவாகவே நினையுங்கள். பின்கட்டு அறை, தோட்டத்துச் சின்ன கேட், தண்ணீர் மீட்டர் பக்கம் தொங்கும் தொங்குபூட்டு எல்லாவற்றையும் பாருங்கள். தொங்குபூட்டைத் திறக்க முயற்சி செய்து நேரத்தை வீணாக்காமல் புதிது வாங்குங்கள். கொண்டி குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும், கம்பி வெட்டும் குறடு நுழைய இடம் இருக்கக் கூடாது.

அப்புறம், சாவி என்றாலே இரும்பு என்று நினைக்கிறோம். இந்த ஊரில் பெரிய கேட்டின் ரிமோட்டும் சாவிதான். கேட் மோட்டாரின் ரிசீவர் தனக்குக் கற்றுக்கொடுத்த ஒவ்வொரு ரிமோட்டையும் ஞாபகம் வைத்திருக்கும். ஆயாவின் பேரன் காரில் ஒரு ரிமோட் இன்னும் கிடந்தால் அது இன்றைக்கும் திறக்கும். பதிந்துள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உங்கள் கையில் உள்ளவற்றை மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்கள். கேட் மோட்டார் வேலை தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. அதோடு, மோட்டாரை விடுவித்துக் கையால் கேட்டைத் தள்ள ஒரு சிறிய சாவி உண்டு, அது கொத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். மின்வெட்டு நீண்டு பேட்டரி படுத்துவிட்ட இரவில், காரோடு தெருவில் நின்று அதைத் தேடக் கூடாது. கம்ப்ளெக்ஸில் இருப்பவர்கள் பொது கேட்டுக்கான பழைய ரிமோட்டுகளையும் எண்களையும் ரத்து செய்யும்படி பாடி கார்ப்பரேட்டுக்கு, அதாவது அங்குள்ள வீட்டு உரிமையாளர்களின் சங்கத்துக்கு, எழுதுங்கள். வெளிக்கதவின் தோற்றத்தை மாற்றுவதானால் அங்கே விதிகளும் இருக்கலாம், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலாரம் இருந்தால் அதன் எண்ணை மாற்றுவது பாதி வேலைதான். மிச்சப் பாதி, ஆயுதக் காவல் நிறுவனத்திடம் உள்ள பட்டியல். மணி அடித்தால் யாரை அழைக்க வேண்டும், போனில் எந்த அடையாளச் சொல் சொன்னால் திரும்பிப் போகலாம் என்பது அங்கே ஆயாவின் பெயரில்தான் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்து, அவர்கள் ஜோஹன்னஸ்பர்க்கில் தூங்கும் ஆயாவை எழுப்பினால் யாருக்கு என்ன பயன்? அதை முதல் நாளே மாற்றிவிடுங்கள். கேமரா இருந்தால் பழையவர்களின் கணக்கை நீக்கி, முதலிலிருந்து உங்கள் பெயரில் அமையுங்கள்.

ஆள் வைத்துச் செய்வதென்றால் யாரை வைப்பது? தென்னாப்பிரிக்காவில் பூட்டு வேலை என்பது 2001-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் தனியார் பாதுகாப்புத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வருகிறது. அதாவது கூலிக்குப் பூட்டுத் திறந்து கொடுப்பவர் சைரா (PSIRA) என்று சொல்லும் அந்த ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் திருப்பி உங்களிடம் அடையாள அட்டையும், வீடு உங்களுடையது என்பதற்கு ஒரு தாளும் கேட்டால் இன்னும் நல்லது. எதுவும் கேட்காமல் உங்களுக்குத் திறந்து கொடுப்பவர், நாளை இன்னொருவருக்கும் கேட்காமல் திறந்து கொடுப்பார். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் நம்பரை அவசரத்தில் அழைக்க வேண்டி வரக் கூடாது. இப்போதே ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போவதை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து படியுங்கள். இங்கே வீடுகள் திருடனுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் கம்பி, கதவெல்லாம் கேட் என்று இறுக்கப்பட்டவை. தீப்பிடித்தால் அதே கம்பி நம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். ஆகவே இரவில் உள்ளிருந்து பூட்டும் ஒவ்வொரு கதவுக்கும் கேட்டுக்கும் ஒரு சாவி அதற்கென்றே ஓர் ஆணியில் தொங்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில், ஆனால் உங்கள் மூத்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில். அந்தச் சாவி வேறு எதற்காகவும் இடம் மாறக் கூடாது. உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகு வைத்த சிலிண்டரும் கிடைக்கும். கதவில் கண்ணாடி இல்லையென்றால் அதையே போடுங்கள். கண்ணாடி இருந்தால், அதை உடைத்துக் கைவிட்டுத் திருகிவிடலாம் என்பதால் இரு பக்கமும் சாவி உள்ளதும் ஆணியில் தொங்கும் சாவியும்தான் சரி. படுக்கையறைப் பக்கம் ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கும்படி இருந்தால் நல்லது. விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அந்த ஆணியைத் தடவிக் கண்டுபிடித்துக் கதவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். போலீசுக்கு 10111, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 10177, கைபேசியிலிருந்து 112. இதை எழுதி அந்த ஆணிக்கு மேலேயே ஒட்டுங்கள்.

பராமரிப்பு அதிகம் இல்லை. கடற்கரை ஊர், உப்புக் காற்று, இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வாங்கும்போதே பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். பூட்டு இறுகினால் நம் ஊர்ப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் விடத் தோன்றும். சிலிண்டரில் விடவே கூடாது. அது தூசியோடு சேர்ந்து பிசினாகி ஊசிகளை ஒட்டிவிடும். கிராஃபைட் தூள் கடையில் கிடைக்கும், சிட்டிகை போதும்.

புது வீட்டுச் சந்தோஷத்தில் சாவியைக் கையில் பிடித்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். பல் வெட்டு தெளிவாகத் தெரியும் படம் ஒன்று இருந்தால் அதைப் பார்த்தே மாற்றுச் சாவி வெட்ட முடியும். பூட்டோடு வரும் அட்டையில் உள்ள எண்ணும் அப்படித்தான், அதைக் கிழித்துக் குப்பையில் போடாமல் பத்திரங்களோடு வையுங்கள். எத்தனை சாவி வந்தது, யாரிடம் எது இருக்கிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவிடுங்கள். யாருக்காவது கொடுத்தால் அங்கே ஒரு வரி. நாற்பது வருடம் கழித்து நீங்கள் அந்த வீட்டை ஒருவருக்குக் கொடுக்கும்போதும் அந்த நோட்டு உதவும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 1999-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் வாடகை வீட்டுச் சட்டப்படி, குடியேறும் முன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டுக் குறைகளைப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலிலேயே எத்தனை சாவி, எத்தனை ரிமோட் என்று எழுதிவிடுங்கள். பூட்டை மாற்ற வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். செலவு என்னுடையது, ஒரு சாவி உங்களுக்கு என்று சொன்னால் மறுப்பவர் குறைவு. பழைய பூட்டை ஒரு பையில் போட்டு வைத்திருந்து காலி செய்யும்போது திருப்பி மாட்டிக் கொடுங்கள். வீட்டுக்காரர் பார்வையிட வரலாம், ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான். வாடகை பாக்கி என்றாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியே விட்டுப் பூட்டை மாற்றும் உரிமை அவருக்குக் கிடையாது. அப்படி நடந்தால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

தங்கச்சி, கடைசியாக அந்தப் பதினோரு சாவிக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் கொத்தைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். கழற்றிய பூட்டுகளையும் இன்னொரு கதவுக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள். அதே கவலை அந்தக் கதவுக்கும் போய்ச் சேரும். பித்தளையை எடைக்குப் போடுங்கள். வாசல் கதவுச் சாவி ஒன்றை மட்டும் கழுவித் துடைத்து, ஆயா ஜோஹன்னஸ்பர்க் கிளம்பும் முன் அவர் கையில் கொடுங்கள். அது இனி எந்தக் கதவையும் திறக்காது. ஆனால் நாற்பது வருடம் அவர் தலையணை அடியில் வைத்துத் தூங்கிய சாவி, அவரிடமே இருக்கட்டும்.